சுற்றுச்சூழல் உயிரியல் பேக்கேஜ்: காசுக்குத் தகுந்த சரக்குதானா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நடுவில் கொஞ்ச நாளாக அதிகம் பேசப்படும் மெட்டீரியல் இது. சுற்றுச்சூழல் உயிரியல் என்று பச்சை அட்டை போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்த மூன்று புத்தகம், ஆப்பில் வீடியோ, வாரம் ஒரு டெஸ்ட், ஒரு டெலிகிராம் குரூப். எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய், கூரியர் தனி. சென்டர் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே நான் குறை சொல்லப்போகும் விஷயங்கள் அந்த ஒரு சென்டரோடு முடிவதில்லை, சந்தையில் விற்கும் பாதி மெட்டீரியலில் இதே கதைதான். வாங்கியவர்களுக்கு அட்டையைச் சொன்னாலே தெரிந்துவிடும்.

நான் தாராபுரம் பக்கம் ஒரு டியூஷன் சென்டரில் விலங்கியல் எடுக்கிறேன். டிஆர்பி என்கிற ஆசிரியர் தேர்வு, டிஎன்பிஎஸ்சி இரண்டுக்கும் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள், வந்ததும் கேட்கிற முதல் கேள்வி "சார், இந்த மெட்டீரியல் வாங்கலாமா" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் முழுவதையும் படித்துவிட்டு இங்கே எழுதிவைக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு: முதல் புத்தகம் அருமை, இரண்டாவது சொதப்பல், மூன்றாவதில் பாதி பழைய சோறு. விவரம் வேண்டும் என்பவர்கள் தொடருங்கள்.

முதல் புத்தகம் அடிப்படைக் கருத்துகள். சூழல் மண்டலம், வாழிடம், செயல் வாழிடம், உணவுச் சங்கிலி, ஊட்ட மட்டங்கள், பிரமிடுகள், சுழற்சிகள், தாவர வழிமுறை வளர்ச்சி. சமச்சீர் புத்தகத்தில் என்ன கலைச்சொல் இருக்கிறதோ அதையே இங்கும் வைத்திருக்கிறார்கள், இது பெரிய நிம்மதி. சில மெட்டீரியலில் ஒரே விஷயத்துக்குப் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பெயர் இருக்கும், பிள்ளைகள் இரண்டும் வேறு வேறு என்று நினைத்து மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. சூழல் மண்டலம் என்ற கருத்தை 1935-இல் டான்ஸ்லி கொண்டுவந்தார், 1942-இல் லிண்டமேன் அதற்குள் ஆற்றல் எப்படி நகர்கிறது என்று காட்டினார் என்பதை வெறும் ஒன்லைனராக விடாமல், முதலாமவர் இல்லாமல் இரண்டாமவர் ஏன் வந்திருக்க முடியாது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். தேர்வில் இரண்டு பெயரையும் மாற்றிப்போட்டுக் குழப்பும் கேள்வி வந்தால் இந்த அரைப் பக்கம் படித்தவனுக்குக் குழப்பம் வராது.

ஒரு ஊட்ட மட்டத்திலிருந்து அடுத்ததற்குப் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் போகும் என்கிற 10 சதவீத விதிக்கான வீடியோவை எல்லோரும் பார்க்கலாம், வாங்காதவர்கள்கூட நண்பர் போனில் பார்த்துவிடுங்கள். புல்லில் 10,000 கிலோ கலோரி இருந்தால் வெட்டுக்கிளிக்கு 1,000, அதைத் தின்னும் ஓணானுக்கு 100, ஓணானைத் தூக்கும் பருந்துக்கு 10 என்று போர்டில் எழுதிவிட்டு, பத்தாயிரத்தில் மீதி எங்கே போனது என்று கேட்டு நிறுத்துகிறார். எல்லோரும் நிறுத்துகிற இடம் அதுதான். இவர் மேலே போய், மூச்சு விட்டதில் போனது, உடல் சூட்டில் போனது, தின்னாமல் விட்டது, தின்றும் செரிக்காமல் சாணமாக விழுந்தது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் காட்டுகிறார். அதற்கப்புறம் ஒரு காட்டில் புலி ஏன் நூற்றுக்கணக்கில் இருக்க முடியாது என்று கேட்டால் பையன்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆற்றல் பிரமிடு ஏன் தலைகீழாக வரவே வராது என்பதும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் டெஸ்ட்டில் சொதப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு மட்டத்திலும் இருக்கிற உயிர்களின் மொத்த எடையைக் காட்டுவது உயிரித்திரள் பிரமிடு. "உயிரித்திரள் பிரமிடு எப்போதும் நேராகவே இருக்கும்" என்ற கூற்றுக்குக் கீ ஆன்சரில் சரி என்று போட்டிருக்கிறது. புத்தகத்திலேயே 41-ஆம் பக்கத்தில் கடலில் அது தலைகீழ் என்று படம் வரைந்திருக்கிறார்கள்! மிதவைத் தாவரங்கள் ஒரு நேரத்தில் எடை போட்டால் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் நாள்கணக்கில் பெருகிப் பெருகித் தின்னப்படுவதால் அந்தக் கொஞ்சத்தைக் கொண்டே மேலே பெரிய கூட்டம் பிழைக்கிறது. டெலிகிராமில் எழுதினால் அட்மின் "நோட்டட் சார், அப்டேட் பண்றோம்" என்றார். இன்றுவரை அந்தக் கீ அப்படியேதான் இருக்கிறது. புத்தகம் எழுதியவரும் கேள்வி எடுத்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

முதல் புத்தகத்தின் கடைசிப் பாடம் வழிமுறை வளர்ச்சி, அதாவது ஒரே இடத்தில் ஒரு தாவரக் கூட்டம் போய் அடுத்தது வருவது. பாறையில் லைக்கன், அப்புறம் மாஸ், அப்புறம் புல், புதர், கடைசியில் காடு, அதுதான் உச்சநிலைச் சமுதாயம். படிக்கட்டு மாதிரி ஒரு படம். பாடப்புத்தகத்திலும் இப்படித்தான் இருக்கிறது, தேர்வுக்கும் இது போதும், சண்டை போட ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படிக்கட்டில் புல் மூன்றாவது படியில் நிற்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது புத்தகம் முழுவதும் சறுக்குவதற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது புத்தகம் உயிர்மங்கள், அதாவது காடு, பாலைவனம், புல்வெளி மாதிரிப் பெரிய உயிர்ச்சூழல் வகைகள். காட்டுக்கு 38 பக்கம், கடலுக்கு 20, பாலைவனத்துக்கு 12, புல்வெளிக்கு 4. அந்த நாலில் ஒன்று அட்டவணை: பிரெய்ரி வட அமெரிக்கா, பாம்பாஸ் அர்ஜென்டினா, ஸ்டெப்பி யூரேசியா, வெல்ட் தென்னாப்பிரிக்கா, லானோஸ் வெனிசுவேலா, டவுன்ஸ் ஆஸ்திரேலியா. பொருத்துக கேள்விக்கு இது வேண்டும்தான், சரி. மீதியில் விளக்கம் என்று எடுத்தால் ஒரே வாக்கியம், "மரம் வளரப் போதிய மழை இல்லாத இடங்களில் புல்வெளி உருவாகிறது." அவ்வளவுதான். உலக நிலப்பரப்பில், எதைப் புல்வெளி என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து 20 முதல் 40 சதவீதம் வரை இருக்கிற ஒரு அமைப்பை, மழை பற்றாமல் நின்றுபோன காடு என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

மழைதான் காரணம் என்றால் நீலகிரியை என்ன செய்வது? முக்குருத்தி மலைப்பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிற இடம். அங்கே மலை மடிப்புகளில் சோலை என்கிற அடர்ந்த குட்டைக் காடு, மேட்டில் எல்லாம் புல். மழை இரண்டுக்கும் ஒன்றுதான். குளிர்கால இரவுகளில் திறந்த சரிவில் உறைபனி இறங்கும்போது சோலை மரங்களின் நாற்று கருகிப்போகிறது, காற்றும் தீயும் மேய்ச்சலும் சேர்ந்து மரத்தைச் சோலைக்குள்ளேயே நிறுத்திவைக்கின்றன. மரத்தை வெட்டியதால் வந்த புல்வெளி இது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். நீலகிரிச் சதுப்புகளில் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும் கரும்படிவை எடுத்து, அதில் உள்ள கார்பன் ஐசோடோப்பை அளந்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பேச்சை முடித்துவைத்தது. வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை சி4 வகை, மரங்கள் சி3, ஒளிச்சேர்க்கை செய்யும் வழி இரண்டுக்கும் வேறு, அதனால் விட்டுச்செல்லும் கார்பன் தடயமும் வேறு. அதைப் பார்த்தால் அங்கே 20,000 ஆண்டுகளுக்கு முன்பே புல் இருந்திருக்கிறது. அதாவது, நம் ஆட்கள் கோடரியோடு மலையேறுவதற்கு வெகு முன்பே.

இதே புத்தகத்தில் சி4 ஒளிச்சேர்க்கை பற்றி நல்ல பாடம் இருக்கிறது, வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்றும் 2024 கணக்கெடுப்பில் 1,031 என்றும் சரியாகப் போட்டிருக்கிறார்கள், குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை என்று இருக்கிறது, 2018-இல் பூத்ததும் இருக்கிறது. ஆனால் ஒன்று 17-ஆம் பக்கத்தில், ஒன்று 60-இல், ஒன்று நடப்பு நிகழ்வுப் பெட்டியில். வரையாடு மேய்வது அந்தப் புல்லைத்தான், குறிஞ்சி பூப்பது அந்தச் சரிவில்தான் என்று சேர்த்துச் சொல்ல ஆள் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலும் சுதந்திரத்துக்கு அப்புறமும் சும்மா கிடக்கிற நிலம் என்று சொல்லி அந்தப் புல்லின்மேல் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் நட்டது, அந்தச் சீகை இன்று நடாத இடத்திலும் பரவி நிற்பது, தோடர்களின் எருமை மேய்ந்த இடமெல்லாம் சுருங்கியது, இவை பற்றி ஒரு வரி இல்லை. காடு வளர்ப்புப் பாடத்தில் மட்டும் "மரம் நடுதல் எல்லா நிலத்துக்கும் ஏற்றது" என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். இந்த இடத்தில் எனக்குச் சுர்ரென்று ஏறியது, உண்மையைச் சொல்கிறேன்.

நாங்கள் இருக்கிற பக்கத்தில் கொரங்காடு என்று ஒன்று உண்டு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தனியார் பட்டா நிலம், உழுது விதைப்பதில்லை, மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்தது. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உயிரோடு வளர்கிற வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மே மாதத்தில் போனால் ஒன்றுமே இல்லாத செம்மண் பொட்டல் மாதிரி தெரியும். குனிந்து பார்த்தால் ஆட்டு வாய்க்கு எட்டாத உயரத்தில், அதாவது தரையோடு தரையாக, காய்ந்த தூர் இருக்கும். அதைக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள், வராது. புல்லின் வளரும் ஆக்குத்திசு அந்த அடித்தூரில், மண்ணை ஒட்டி இருக்கிறது. மரக்கன்றின் குருத்தை ஆடு கடித்தால் அந்த ஆண்டு வளர்ச்சி போச்சு, புல்லை எவ்வளவு கடித்தாலும் தொழிற்சாலை கீழே பத்திரமாக இருக்கிறது. ஒரு நல்ல மழை விழுந்தால் நாலைந்து நாளில் அதே தூரிலிருந்து பச்சை கிளம்பும், கொஞ்ச நாளில் அந்தப் பஞ்சு மாதிரிக் கதிர் ஆடும். வெள்வேலங்காய் உதிரும்போது ஆடு மாடு அதையும் பொறுக்கித் தின்னும், இலை தழை இல்லாத மாதங்களை அது ஓட்டிவிடும். காங்கேயம் காளையின் பேரை ஊரெல்லாம் பேசுகிறோம், அது நின்று மேய்ந்தது இந்தப் புல்லில்தான்.

என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கொரங்காட்டைத் தாண்டித்தான் பஸ் ஏறி வருகிறார்கள். அவர்களிடம் "இந்தியாவின் புல்வெளிக்கு உதாரணம்" கேட்டால் பாம்பாஸ் என்கிறான் ஒருத்தன். பையனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் கையில் இருந்த நாலு பக்கத்தில் இந்தியா என்ற சொல்லே இல்லை.

மெட்டீரியல் எழுதியவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லைதான். அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பிலேயே புதர்நிலமும் மேய்ச்சல் நிலமும் பெரும்பகுதி தரிசு வகைப்பாட்டுக்குள் வருகிறது. காகிதத்தில் தரிசு என்று ஆகிவிட்டால் அதன்மேல் எதையும் வைக்கலாம். எங்கள் பக்கம் காற்றாடியும் சோலாரும் மனைப்பிரிவும் வந்து உட்காருவது கொரங்காட்டு மேல்தான். ராஜஸ்தானில் கானமயில் என்கிற பெரிய புல்வெளிப் பறவைக்கு அதே சிக்கல். இயற்கையில் 150-க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது, அதுவும் பறக்கும் பாதையில் மின்கம்பி. 2021-இல் கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்ன உச்ச நீதிமன்றம் 2024-இல் அந்த உத்தரவைத் தளர்த்தியது. ஒரு நல்ல பாடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? சூரிய மின்சாரமும் நல்லது, கானமயிலும் பிழைக்க வேண்டும், இரண்டும் ஒரே நிலத்தைக் கேட்கிறது, யோசி என்று விட்டால் போதும். மெட்டீரியலில் கானமயில் "அழியும் தறுவாயில் உள்ள பறவை, ராஜஸ்தான் மாநிலப் பறவை" என்ற ஒன்லைனர். முடிந்தது.

குஜராத்தின் பன்னியும் இப்படித்தான். கச்சு ரண் ஓரத்து மாபெரும் புல்வெளி, மால்தாரிகள் என்கிற மேய்ச்சல்காரர்களின் எருமைகள் ராத்திரியில் மேயப் போகிற இடம். உப்பு பரவுவதைத் தடுக்கிறோம் என்று 1961-இல் அங்கே வனத்துறை சீமைக்கருவேலத்தை நட்டது, அது புல்லை விழுங்கிவிட்டது. நம் ஊர்க் கண்மாய்களை நிரப்பி நிற்கிற அதே மரம்! தென்மாவட்டப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமாகப் புரியக்கூடிய உதாரணம் கிடைக்காது. சீமைக்கருவேலம் இந்த மெட்டீரியலில் இருக்கிறது, அயல் ஊடுருவும் தாவரங்கள் பட்டியலில் ஏழாவதாக, ஆகாயத்தாமரைக்கும் உண்ணிச்செடிக்கும் நடுவில்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது புத்தகத்துக்கான வீடியோவில் அமெரிக்கப் புழுதிக் காலம் பற்றி ஒரு பாடம் இருக்கிறது, அதை நடத்தியவர் யாரோ, கையெடுத்துக் கும்பிடலாம். பிரெய்ரிப் புல்லின் வேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் போகும், மேலே தெரிவதைவிடக் கீழே இருப்பதுதான் அதிகம், கார்பனும் அங்கேதான் கிடக்கிறது என்று முதலில் வரைகிறார். அப்புறம் கோதுமை விலை ஏறிய காலத்தில் டிராக்டரை வைத்து அந்த வேர்ப்பாயைக் கிழித்தது, 1930-களில் மழை பொய்த்ததும் பிடித்துவைக்க வேர் இல்லாமல் மண் கிளம்பியது, 1935 ஏப்ரல் 14-ஆம் தேதி பகலிலேயே இருட்டியது, அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கறுப்பு ஞாயிறு என்றே சொல்கிறார்கள் என்பதெல்லாம் இருபது நிமிஷத்தில். அதே மாதம் மண் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் போட்டுத் தனித் துறையே வந்ததுவரை கொண்டுபோகிறார். வறட்சி எத்தனையோ முறை வந்த நிலம்தான் அது, புல் இருந்தவரை மண் பறக்கவில்லை என்று அவர் முடிக்கும் இடம் பிரமாதம். ஒக்லஹாமாவுக்கு இவ்வளவு உழைத்த மனிதர் காங்கேயத்துக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்று, அந்த உச்சநிலைச் சமுதாயக் கருத்தை 1916-இல் விரிவாக எழுதிய கிளமென்ட்ஸ் நெப்ராஸ்காவில் பிறந்து வளர்ந்தவர். பிரெய்ரியையே ஒரு உச்சநிலையாகத்தான் அவரும் எடுத்துக்கொண்டார். பாவம், அவர் பெயரைப் போட்டுவிட்டு அவர் ஊர்ப் புல்லை மூன்றாவது படியில் உட்காரவைத்தது நம் மெட்டீரியல்.

மூன்றாவது புத்தகம் இனக்கூட்டமும் மக்கள்தொகையும். முதல் பாதி, அதாவது கணக்குப் பகுதி, நன்றாக இருக்கிறது. தடையில்லாமல் பெருகும் அடுக்கு வளர்ச்சி ஜே வளைவு, தாங்குதிறன், அதாவது அந்த இடம் தாங்கக்கூடிய எண்ணிக்கை, வந்ததும் நின்றுவிடும் எஸ் வளைவு, அதற்கு 1838-இல் வெர்ஹல்ஸ்ட் கொடுத்த சமன்பாடு. இரட்டிப்புக் காலத்துக்கு 70-ஐ வளர்ச்சி வீதத்தால் வகுக்கும் குறுக்குவழியைப் பயிற்சிக் கணக்கோடு கொடுத்திருக்கிறார்கள், 2 சதவீதம் என்றால் 35 ஆண்டு. தேர்வில் கால்குலேட்டர் இல்லாமல் போடக்கூடிய கணக்கு, பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது.

எஸ் வளைவுக்கு உதாரணமாக ஈஸ்ட்டை வைத்திருக்கிறார்கள். எல்லோரும் வைப்பது. நான் வகுப்பில் கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளியை வைத்து எடுக்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். 1890-களில் அந்தப் பக்கம் வெக்கை நோய் புகுந்தது, மாட்டோடு சேர்த்து வில்டபீஸ்ட் என்கிற காட்டு மேய்ச்சல் விலங்கையும் கொன்று குவித்தது. பின்னால் சுற்றுவட்டாரத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் காட்டு விலங்கிடமிருந்தும் நோய் போய்விட்டது. 1960-களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் 1970-களின் கடைசியில் 13 லட்சத்தைத் தொட்டு, அப்புறம் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. கோடை காலத்துப் புல் அவ்வளவுக்குத்தான் தாங்கும். இவ்வளவு வாய் மேய்ந்ததால் எரிவதற்குக் காய்ந்த புல் மிச்சமில்லை, காட்டுத்தீ குறைந்தது, தீ குறைந்ததால் மரக்கன்று தப்பி வளர்ந்தது. தாங்குதிறன், நோய், மேய்ச்சல், தீ, புல்வெளி எல்லாம் ஒரே கதையில். மூன்று புத்தகத்தையும் சேர்த்துக் கட்டுகிற உதாரணம் இது, ஈஸ்ட் பாட்டிலில் இது கிடைக்காது.

சரிவு வளைவுக்கு மட்டும் நல்ல உதாரணம் போட்டிருக்கிறார்கள். பெரிங் கடலில் இருக்கும் செயின்ட் மேத்யூ தீவில் 1944-இல் கொண்டுவிட்ட 29 கலைமான், 1963-இல் 6,000 ஆகி, தின்ன லைக்கன் தீர்ந்துபோய், ஒரு கடும் பனிக்காலம் வந்ததும் விழுந்து, 1966-இல் எண்ணும்போது 42. மயிர்க்கூச்செறியும் கதை. ஆனால் அதற்கு அடுத்த வரியே "மனித இனத்துக்கும் இதே நிலை விரைவில்" என்று வருகிறது, அங்கிருந்து புத்தகம் தடம் மாறுகிறது. உணவைவிட மக்கள்தொகை வேகமாகப் பெருகும் என்று 1798-இல் மால்தூஸ் சொன்னது ஒரு வாதம், இங்கே அது நியூட்டன் விதி மாதிரி கட்டம் கட்டி அச்சாகியிருக்கிறது.

நடந்தது என்ன என்று பார்த்தால், உலக மக்கள்தொகை 1974-இல் 400 கோடி, 2022 நவம்பர் 15-இல் 800 கோடி. இரட்டிப்பாகிவிட்டது, உண்மை. ஆனால் 1960-களில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தாண்டியிருந்த வளர்ச்சி வீதம் இப்போது 1 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஐநா 2024-இல் வெளியிட்ட கணிப்பின்படி 2080-களின் நடுவில் 1,030 கோடி வரை போய் அங்கிருந்து மெல்ல இறங்கும். பட்டினியில் செத்துக் குறைந்த வீதம் இல்லை இது. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், கருத்தடை கைக்கெட்டியது. கலைமானுக்கு இதில் எதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதை விட்டுவிட்டு எழுதுவதற்குத் தனித் திறமை வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், அதாவது 2019-21-இல், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இந்தியாவில் 2.0 குழந்தை, தமிழ்நாட்டில் 1.8. மக்கள்தொகை நிலைபெறத் தேவையான 2.1-ஐவிட இரண்டுமே கீழே. அப்படியும் எண்ணிக்கை ஏன் இன்னும் கூடுகிறது என்றால், பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களே அவ்வளவு பேர் இருக்கிறார்கள், அதனால். இந்த உந்தம் என்ற கருத்து புத்தகத்தில் எங்குமே இல்லை. வளர்ச்சி வீதம் குறைவதும் மக்கள்தொகை குறைவதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு ஒரு பத்தியே எழுதியிருக்கிறார்கள், 88-ஆம் பக்கம், அதை அடித்துவிட்டுப் படியுங்கள்.

புள்ளிவிவரம் இன்னும் மோசம். உலகம் 700 கோடி என்று ஒரு இடத்தில், 800 என்று ஒரு இடத்தில். இந்தியா இரண்டாம் இடம் என்று இருக்கிறது, 2023-இலேயே சீனாவைத் தாண்டிவிட்டோம். எல்லாவற்றுக்கும் சிகரம், "2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி" என்று ஓர் அட்டவணை. அப்படி ஒரு கணக்கெடுப்பு நடக்கவே இல்லையே ஐயா! தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2027 மார்ச் 1-ஐக் கணக்குத் தேதியாக அறிவித்திருக்கிறார்கள். 2011-இன் 121 கோடிதான் கடைசியாக எண்ணிப் பார்த்த எண், அதற்கப்புறம் வருவதெல்லாம் மதிப்பீடு. நாடாளுமன்றத் தொகுதிகளை மாநிலங்களுக்குப் பிரிப்பது இன்னும் 1971 கணக்கை வைத்துத்தான் நிற்கிறது, அடுத்த கணக்கெடுப்பு வந்தால் தமிழ்நாட்டுக்கு என்ன ஆகும் என்று டீக்கடை வரை பேச்சு. குரூப் 1 நேர்காணலில் கேட்கக்கூடிய விஷயத்தில் இல்லாத கணக்கெடுப்பை மேற்கோள் காட்டி ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு?

1921 பற்றி மட்டும் நன்றாக எழுதியிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 1911-21 பத்தாண்டில் இந்திய மக்கள்தொகை கூடாமல் குறைந்தது, 1918-இன் விஷக்காய்ச்சல் அதில் பெரும்பங்கு, அதனால்தான் 1921-ஐப் பெரும் பிரிவினை ஆண்டு என்கிறோம் என்று காரணத்தோடு இருக்கிறது. புக் பேக் கேள்விக்கும் உதவும், பழைய வினாத்தாள்களிலும் பலமுறை வந்திருக்கிறது.

மற்றபடி ஆப் பரவாயில்லை, வீடியோவை 1.5 வேகத்தில் ஓட்டலாம், டவுன்லோடு செய்தால் ஒரு மாதத்தில் தானாக அழிந்துவிடும். பிடிஎஃப்பில் குறுக்கே பெரிய வாட்டர்மார்க், அட்டவணை எண்கள் அதற்குக் கீழே போய்விடுகின்றன. காகிதம் மெல்லிசு, ஹைலைட்டர் போட்டால் பின்பக்கம் இறங்குகிறது. கூரியர் சொன்ன நாளில் வந்தது.

வாங்கலாமா என்றால், முதல் முறை படிக்கிறவர்கள், பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டவர்கள், முதல் புத்தகத்துக்காகவும் அந்த இரண்டு வீடியோவுக்காகவும் வாங்கலாம். தனியாகத் தரமாட்டார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன், செட்டாகத்தான் விற்பார்களாம். விலங்கியல், தாவரவியல் பட்டம் முடித்து டிஆர்பி எழுதுகிறவர்களுக்கு இது தேவையில்லை, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகமும் பழைய வினாத்தாளும் போதும், மீதிக் காசுக்கு டெஸ்ட் சீரிஸ் மட்டும் வேறு இடத்தில் சேருங்கள். இருவர் மூவர் சேர்ந்து ஒரு செட் வாங்குவதாக இருந்தால் ஆப் ஒரு போனில்தான் லாகின் ஆகும், அதை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பழைய செட் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று குரூப்களில் போடுகிறார்கள். அதை வாங்குவதற்கு முன் மூன்றாவது புத்தகத்தின் 83-ஆம் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உலக மக்கள்தொகை 700 கோடி என்று மட்டும் இருந்தால் அது முதல் பதிப்பு, அதில் டெஸ்ட் கோடும் காலாவதி ஆகியிருக்கும்.